அரைத்தால் நிறம் மாறும் வெளிச்சம்!

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன். விடை சொல்லுங்கள் பார்க்கலாம்.

அரைத்தால் பச்சை மஞ்சளாகும். சூடு காட்டினால் மஞ்சள் மறுபடி பச்சையாகும். அது என்ன?

"மருதாணி!" என்று சில பேர் கையைத் தூக்குவது தெரிகிறது. பாதி மார்க்தான் கொடுக்க முடியும். மருதாணி இலையை அரைத்தால் கை சிவக்கும், உண்மைதான். ஆனால் சிவந்த கையை அடுப்பருகே காட்டினால் பச்சையாகிவிடுமா? ஆகாது அல்லவா?

விடை இதுதான்: ஒளிரும் கரிமப் படிகங்கள்! ஆய்வுக்கூடத்தில் இருக்கும் ஒரு வகைத் தூள் இது. சாதாரண வெளிச்சத்தில் பார்த்தால் கோலமாவு மாதிரி சாதுவாக இருக்கும். இருட்டில் வைத்து அதன்மேல் புற ஊதா விளக்கை அடித்தால் பச்சையாக ஒளிரும். அதைச் சின்ன உரலில் போட்டுக் குழவியால் அரைத்துவிட்டு மறுபடி விளக்கை அடித்தால், இப்போது மஞ்சளாக ஒளிரும்! லேசாகச் சூடாக்கினால் பழையபடி பச்சை. மறுபடி அரைத்தால் மஞ்சள். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பார்க்கலாம் என்கிற அளவுக்குப் பல பொருட்கள் இருக்கின்றன. பச்சை, மஞ்சள் என்பது ஓர் உதாரணம்தான். நீலம் மஞ்சளாவதும் உண்டு; மஞ்சள் ஆரஞ்சு ஆவதும் உண்டு.

மந்திரமா? மாயமா? ஒன்றுமில்லை, சுத்தமான வேதியியல். வாருங்கள், ஒவ்வொரு படியாக ஏறிப் பார்ப்போம்.

படிகம் என்றால் என்ன?

உங்கள் பள்ளியில் காலைப் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும் அல்லவா? உடற்கல்வி ஆசிரியர் விசில் ஊதியதும் எல்லோரும் கையை நீட்டி இடைவெளி பார்த்து, நேர்வரிசையில் நிற்பீர்கள். மேலே மொட்டை மாடியில் இருந்து பார்த்தால், முன்னும் பின்னும் இடமும் வலமும் ஒரே அளவு இடைவெளி தெரியும்.

அணுக்களும் மூலக்கூறுகளும் இதேபோல வரிசை தவறாமல் அணிவகுத்து நின்றால் அதுதான் படிகம். உப்பு ஒரு படிகம். சர்க்கரை ஒரு படிகம். கோவில் பிரசாதத்தில் வருகிற கற்கண்டு, சர்க்கரையின் பெரிய படிகம். கண்ணாடி டம்ளரில் அந்த வரிசை கிடையாது. அதனால் கண்ணாடி படிகம் ஆகாது.

அடுத்து 'கரிமம்' என்ற சொல். கோவையில் தெருவுக்குத் தெரு 'ஆர்கானிக்' காய்கறிக் கடை வந்துவிட்டது. அந்த ஆர்கானிக் வேறு, வேதியியல் ஆசிரியர் சொல்கிற கரிமம் வேறு. கார்பன் என்கிற கரி அணுவை முதுகெலும்பாகக் கொண்ட பொருட்களே கரிமச் சேர்மங்கள். சர்க்கரை, தேங்காய் எண்ணெய், பஞ்சு, மஞ்சள் எல்லாம் அந்தக் குடும்பம்தான். உப்பு அந்தக் குடும்பம் இல்லை.

ஒளிர்வது எப்படி?

கடைகளில் ரூபாய் நோட்டை ஊதா விளக்கின் கீழே காட்டிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். நல்ல நோட்டில் வரிசை எண்கள் பளிச்சென்று ஒளிரும். அந்த எண்கள் ஒளிரும் மையால் அச்சிடப்பட்டவை. அதே விளக்கின் கீழே திருப்பூர் வெள்ளை பனியனைக் காட்டினால், அதுவும் பெரும்பாலும் நீலமாக ஒளிரும்! துணிக்கு வெண்மை கூட்டுவதற்காகச் சேர்க்கப்படும் ஒரு கரிமச் சேர்மம்தான் காரணம். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. துணியின் மஞ்சள் சாயல் அதில் மறைந்து, வெள்ளை தூக்கலாகத் தெரிகிறது. அம்மா துணி அலசும்போது விடுகிற சொட்டு நீலம் வேறு. அது வெறும் சாயம், ஒளிராது.

இப்படி ஒரு ஒளியை வாங்கிக்கொண்டு வேறொரு நிற ஒளியைத் தருவதற்கு 'ஒளிர்தல்' என்று பெயர். 1845-இல் இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல், கொய்னா கரைத்த தண்ணீரில் ஒரு விசித்திரமான நீல ஒளியைக் கண்டார். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கம் தந்து, ஃப்ளோரசன்ஸ் என்ற பெயரையும் வைத்தார். கொய்னா என்பது மலேரியா மருந்து. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுப்பது. நம் வால்பாறைப் பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறதே, அந்த மரத்தைப் பயிரிட்டதால் வந்த பெயர்தான் அது.

சரி, ஊதா ஏன் நீலமாகவோ பச்சையாகவோ மாறுகிறது? மருதமலைப் படிக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறுக்குள் இருக்கும் எலக்ட்ரான், புற ஊதாக் கதிரின் ஆற்றலைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே ஏறிவிடுகிறது. அங்கே கொஞ்சம் அசைந்து ஆடி, சில படிகள் மெதுவாக இறங்குகிறது. அந்த ஆற்றல் வெப்பமாகப் போய்விடுகிறது. பிறகு அங்கிருந்து ஒரே தாவலாகத் தரைக்குக் குதிக்கிறது. அந்தக் குதியின் ஆற்றல்தான் வெளிச்சமாக வருகிறது.

குதித்த உயரம் அதிகம் என்றால் நீலம். கொஞ்சம் குறைந்தால் பச்சை. இன்னும் குறைந்தால் மஞ்சள். மிகவும் குறைந்தால் சிவப்பு. வானவில்லின் வரிசையேதான்! இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் எளிதாகப் புரிந்துவிடும்.

அரைத்தால் என்ன ஆகிறது?

மறுபடி பிரார்த்தனைக் கூட்டத்துக்கு வருவோம். எல்லோரும் அழகாக வரிசையில் நிற்கிறீர்கள். திடீரென்று சடசடவென மழை! என்ன செய்வீர்கள்? வராந்தாவை நோக்கி ஓட்டம். அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பீர்கள். மாணவர்கள் அதே மாணவர்கள்தான். யாருக்கும் கை கால் மாறவில்லை. நிற்கிற விதம்தான் மாறிவிட்டது.

படிகத்தை அரைக்கும்போதும் இதுவேதான் நடக்கிறது. மூலக்கூறு உடைவதில்லை, வேறு பொருளாக மாறுவதும் இல்லை. வரிசைதான் குலைகிறது. தள்ளித் தள்ளி நின்ற மூலக்கூறுகள் நெருங்கி ஒன்றின்மேல் ஒன்று சாய்கின்றன. தன் உடலை முறுக்கிக்கொண்டு நின்ற மூலக்கூறு, கொஞ்சம் நிமிர்ந்து தட்டையாகிறது. இதனால் எலக்ட்ரான் குதிக்கிற படியின் உயரம் குறைகிறது. உயரம் குறைந்தால்? ஆமாம், பச்சை மஞ்சளாகிறது!

சூடாக்கினால் ஏன் திரும்புகிறது? படியில் நெல்லோ ராகியோ அளக்கும்போது, பக்கவாட்டில் தட்டினால் தானியம் அசைந்து ஒழுங்காக அடங்கும். சூடு என்பது மூலக்கூறுகளுக்கு அப்படி ஒரு தட்டல். அசைய வழி கிடைத்ததும் அவை தங்களுக்கு வசதியான பழைய வரிசைக்கே போய்விடுகின்றன. சில பொருட்களுக்குச் சூடு கூட வேண்டாம். கரைப்பானின் ஆவி பட்டாலே போதும். இன்னும் சில, சும்மா வைத்திருந்தாலே கொஞ்ச நேரத்தில் தாமாகத் திரும்பிவிடும்.

மின்விசிறி மூலக்கூறு

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது கண்ணுகளா. ஒளிரும் மூலக்கூறுகள் பல, தண்ணீரிலோ வேறு திரவத்திலோ கரைந்திருக்கும்போது ஜம்மென்று ஒளிரும். அதையே திடப்பொருளாக்கினால் அணைந்துவிடும். காரணம், தட்டையான மூலக்கூறுகள் அப்பளக்கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி அடுக்கிக்கொள்ளும். வாங்கிய ஆற்றலை ஒளியாகத் தராமல் தங்களுக்குள்ளேயே பங்கு போட்டு வீணாக்கிவிடும்.

இதற்கு நேர்மாறாக, கரைசலில் மங்கலாகவும் ஒன்றாகச் சேர்ந்தால் பிரகாசமாகவும் ஒளிரும் பொருட்களைப் பற்றி 2001-இல் ஹாங்காங்கில் பென் ஜோங் டாங் என்ற பேராசிரியர் குழுவினர் அறிவித்தார்கள். தனியாக இருக்கும்போது அந்த மூலக்கூறுகளின் இறக்கைகள் சுழன்று ஆற்றலை வீணாக்குகின்றன. கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் சுழல முடியாது. ஆற்றல் ஒளியாக வந்தே தீர வேண்டும்!

உங்கள் வீட்டுக் கூரையில் தொங்கும் மின்விசிறியைப் பாருங்கள். மூன்று இறக்கைகள், நடுவில் ஒரு குமிழ். டிரைபினைல்அமீன் என்ற மூலக்கூறும் இதே வடிவம்தான். நடுவில் ஒரு நைட்ரஜன் அணு. அதைச் சுற்றி மூன்று பென்சீன் வளையங்கள் கொஞ்சம் திரும்பிய நிலையில் நிற்கும். மின்விசிறிகளை அப்பளம் போல அடுக்க முடியுமா? முடியாது. அதனால் திடநிலையிலும் இந்தக் குடும்பத்துப் பொருட்கள் நன்றாக ஒளிர்கின்றன. தளர்வாக நிற்பதால், அரைத்தால் வரிசையும் எளிதில் கலைகிறது.

இந்த மின்விசிறி மூலக்கூறுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள் எங்கோ வெளிநாட்டில்தான் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் சவரிமுத்து பிலிப் ஆண்டனியும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறார்கள். மூலக்கூறின் ஓரத்தில் ஒரு சின்னத் தொகுதியை மாற்றினால் படிகத்தின் அடுக்கு எப்படி மாறுகிறது, அடுக்கு மாறினால் ஒளியின் நிறம் எப்படி மாறுகிறது, அரைத்தால் என்ன, சூடாக்கினால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படி நிற்கின்றன என்பதைக் கண்டறிய எக்ஸ் கதிர் வேண்டும். இதற்காக தென்கொரியாவின் போஹாங் நகரில் உள்ள துகள் முடுக்கி ஆய்வகத்தைச் சேர்ந்த விஞ்ஞானியும் இவர்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறார். காவிரிக்கரையில் பிறந்த படிகம், கொரியாவில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டது!

உலகத்தில் மற்ற இடங்களில்

2008-இல் ஜப்பானில் ஹஜிமே இட்டோ என்ற விஞ்ஞானியின் குழு, தங்க அணுக்கள் சேர்ந்த ஒரு சேர்மத்தைச் செய்தது. அது நீலமாக ஒளிரும். அரைத்தால் மஞ்சளாகும். ஒரு குறிப்பிட்ட கரைப்பான் பட்டதும் மறுபடி நீலம். இந்தக் கட்டுரை வந்த பிறகு பல நாட்டு வேதியியலாளர்கள் இந்தத் துறையில் இறங்கினார்கள். ஆனால் தங்கம் விற்கிற விலைக்குப் பெயின்ட் அடிக்க முடியுமா?

2010-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் காசாண்ட்ரா ஃபிரேசரின் குழு எளிய வழி ஒன்றைக் கண்டது. வெயில் படாமல் இருக்க முகத்தில் தடவுகிற கிரீம்களில் அவோபென்சோன் என்ற கரிமச் சேர்மம் உண்டு. அதோடு போரானும் ஃப்ளோரினும் சேர்ந்த ஒரு தொகுதியை இணைத்தார்கள். அந்தப் படிகங்களை லேசாகத் தேய்த்தாலே ஒளியின் நிறம் மஞ்சளாக மாறியது. குச்சியால் எழுதினால் எழுத்து மஞ்சளாகத் தெரியும். நேரம் போகப் போகத் தானாக அழிந்தும்விடும். அழிரப்பர் இல்லாத சிலேட்டு!

இதில் நம்ம ஊருக்கு ஒரு சொந்தம் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் தெரியும்தானே? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மஞ்சள். அதற்கு நிறம் தருவது குர்குமின் என்ற சேர்மம். 1815-இல் பிரித்தெடுத்தார்கள், அதன் அமைப்பைக் கண்டுபிடிக்க 1910 வரை ஆனது. குர்குமினின் நடுவில் ஒரு மூட்டு இருக்கிறது. இரண்டு ஆக்சிஜன் அணுக்கள், நடுவில் ஒரு கார்பன் இடைவெளி விட்டு, நண்டின் இரண்டு கொடுக்குகள் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவோபென்சோனிலும் இதே மூட்டுதான்! அந்தக் கொடுக்குகளில்தான் போரான் போய் மாட்டிக்கொள்கிறது. ஆக, நம் சமையலறை மஞ்சளும் அமெரிக்கக் கிரீமும் பங்காளிகள். குர்குமினும் புற ஊதா விளக்கில் ஒளிரும். எப்படிப் பார்ப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

நம் நாட்டிலேயே இதற்கு நெருங்கிய இன்னும் இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்ல வேண்டும். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராஜதுரை சந்திரசேகர், கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னக் கரிமப் படிகங்களை நுண்ணிய ஊசி முனையால் தள்ளி, வளைத்து, அவற்றின் வழியே ஒளியை வேண்டிய பக்கம் திருப்பி விடுகிறார். 2021-இல் கொல்கத்தா ஐசர், கரக்பூர் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள், உடைந்தால் கண்சிமிட்டும் நேரத்துக்குள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் கரிமப் படிகங்களைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். படிகம் என்றால் கல் மாதிரி அசையாமல் கிடக்கும் என்ற பழைய எண்ணமே மாறிவிட்டது.

இதனால் நமக்கு என்ன பயன்?

நான் வகுப்பில் எதை நடத்தினாலும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். "ஏனுங்க சார், இதனால என்னங்க பிரயோஜனம்?" கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்கிறேன்.

ஒரு கட்டுக்கம்பியை எடுத்து முன்னும் பின்னுமாக மடக்கிக்கொண்டே இருங்கள். முதல் முறை உடையாது. ஐந்தாவது முறையும் உடையாமல் இருக்கலாம். பிறகு ஒரு தடவை டப்பென்று உடையும். அதற்கு முந்தின நொடிவரை கம்பி நல்ல கம்பி மாதிரியேதான் தெரிந்தது! இதை உலோகக் களைப்பு என்பார்கள். மனிதனுக்குக் களைப்பு வந்தால் முகத்தில் தெரியும். இரும்புக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து.

மாரியம்மன் நோம்பிக்கு வருகிற ராட்டாந்தூரியின் அச்சு, சாயப்பட்டறைக் கொதிகலன், உடுமலைப் பக்கம் சுற்றும் காற்றாலையின் இறக்கை, மோட்டார் பட்டறையில் சுழலும் தண்டு, நீங்கள் பள்ளிக்குப் போகும் பஸ்ஸின் பட்டை ஸ்பிரிங் எல்லாமே நாள் முழுவதும் இழுபட்டும் மடங்கியும் வேலை செய்பவை. உங்களில் பல பேருடைய அப்பா, அம்மா, அண்ணன், மாமா இந்த இயந்திரங்களின் பக்கத்தில்தான் வேலை செய்கிறார்கள். ஒரு விரிசலை முன்கூட்டியே கண்டுபிடித்தால், மாலையில் அவர்கள் பத்திரமாக வீட்டுக்கு வருவார்கள். இதைவிடப் பெரிய பிரயோஜனம் என்ன வேண்டும்?

விரிசலைக் கண்டுபிடிக்க நம் பெரியவர்கள் பல வழி வைத்திருந்தார்கள். ரயில் நிலையங்களில் நீளமான சுத்தியலால் சக்கரத்தைத் தட்டிச் சத்தம் கேட்பார்கள். நல்ல சக்கரம் 'கிண்' என்னும். விரிசல் விட்டது 'டொக்' என்னும். சந்தையில் மண்பானை வாங்கும்போது பாட்டி சுண்டிப் பார்ப்பதும் இதே அறிவியல்தான். இன்னொரு வழி, இரும்பில் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைத் தூவுவது. விரிசலுக்குள் ஒளிந்த எண்ணெய் கசிந்து கோடு காட்டிக்கொடுக்கும். இன்றைக்கு வார்ப்படத் தொழிற்சாலைகளில் எண்ணெய்க்குப் பதில் ஒளிரும் திரவத்தைப் பூசி, துடைத்து, இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கிறார்கள். மயிரிழை அளவு விரிசலும் பச்சைக் கோடாக ஒளிரும்.

ஆனால் இந்த வழிகள் எல்லாம் விரிசல் விழுந்த பிறகுதான் சொல்லும். விரிசல் விழுவதற்கு முன்னாலேயே, "இங்கே பாரம் அதிகமாகிறது, கவனி!" என்று சொல்ல ஒரு பூச்சு இருந்தால்? நிறம் மாறும் ஒளிப்படிகங்களைக் கலந்த பெயின்ட் அந்த வேலையைச் செய்யும் என்பதுதான் விஞ்ஞானிகளின் நம்பிக்கை. இழுவிசை அதிகமாகும் இடத்தில் மட்டும் ஒளியின் நிறம் மாறும். இரவில் விளக்கை அடித்துப் பார்த்தால் எந்த இடம் களைத்திருக்கிறது என்று படம் போட்டது போலத் தெரியும்.

கள்ள நோட்டையும் போலி மருந்தையும் தடுக்க இன்னொரு பயன். அட்டைப்பெட்டியில் ஒரு முத்திரை. நகத்தால் தேய்த்தால் அதன் ஒளி நிறம் மாற வேண்டும். மாறாவிட்டால் போலி!

இன்னும் ஏன் கடைக்கு வரவில்லை?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயின்டை நாளைக்கே ஹார்டுவேர் கடையில் வாங்க முடியாது. தீர்க்க வேண்டிய கணக்குகள் பாக்கி இருக்கின்றன.

ஒன்று: உரலில் அரைக்கிற விசை வேறு, இரும்பு மெல்ல நீளுகிற விசை வேறு. மெல்லிய விசைக்கும் சரியாக நிறம் மாற வேண்டும். எவ்வளவு விசைக்கு எவ்வளவு மாற்றம் என்று அளவும் சொல்ல வேண்டும்.

இரண்டு: கரிமச் சேர்மங்கள் பல, வெயிலில் கிடந்தால் வெளுத்துவிடும். ஜன்னல் திரை வெளுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? நம் ஊர் சித்திரை வெயிலைத் தாங்க வேண்டுமே!

மூன்று: இதை நீங்களே யோசியுங்கள். தானாகப் பழைய நிறத்துக்குத் திரும்புகிற படிகம் நல்லதா, கெட்டதா? சிலேட்டுக்கு நல்லது. ஆனால் கொதிகலனுக்கு? பகலில் பாரம் ஏறி நிறம் மாறி, சோதிப்பவர் வருவதற்குள் திரும்பிவிட்டால் சாட்சி அழிந்துபோகும். அங்கே திரும்பாத படிகம்தான் வேண்டும். ஒரே குணம் ஓரிடத்தில் வரம், இன்னோரிடத்தில் குறை!

இந்தக் கணக்குகளுக்கு விடை காண உங்களைப் போன்றவர்கள் வர வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் பிடித்திருந்தால் போதும், வழி திறந்தே இருக்கிறது. தஞ்சாவூர் ஒன்றும் தூரம் இல்லை!

செய்து பாருங்கள்!

இரண்டு சோதனைகள். இரண்டையும் வீட்டில் பெரியவர் ஒருவரோ ஆசிரியரோ கூட இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

முதல் சோதனை: கற்கண்டு மின்னல். ஈரமில்லாத பெரிய வெள்ளைக் கற்கண்டு ஒன்றைக் கனமான, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பத்து நிமிடம் இருட்டில் உட்காருங்கள். கண் பழக வேண்டும். பெரியவர் உறையின் மேலாகவே குறடால் கற்கண்டை இறுக்கி உடைக்கட்டும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். உடையும் நொடியில் மங்கலான நீலவெள்ளைப் பொறி தெரியும்! 1620-இலேயே ஃபிரான்சிஸ் பேக்கன் என்ற அறிஞர் இதை எழுதிவைத்திருக்கிறார். படிகம் உடையும்போது மின்னூட்டங்கள் பிரிந்து, இடையில் உள்ள காற்றின் நைட்ரஜனை ஒளிரச் செய்கின்றன. குட்டி மின்னல் என்றே சொல்லலாம். கவனியுங்கள், இது நிறம் மாறும் படிகம் இல்லை. கற்கண்டுக்கு விளக்கு தேவையில்லை, உடையும்போது ஒரு கணம் மட்டும் ஒளி தரும். நாம் இதுவரை பேசிய படிகத்துக்கு விளக்கு வேண்டும். அரைத்த பிறகு அதன் ஒளியின் நிறம் மாறும். விசையும் ஒளியும் சேர்ந்த குடும்பத்தில் இரண்டும் அண்ணன் தம்பி.

இரண்டாவது சோதனை: ஒளிரும் மஞ்சள். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் தேங்காய் எண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுக் கலக்கி, தூள் அடியில் தங்கும்வரை வையுங்கள். பிறகு இருட்டில், நோட்டு பார்க்கும் ஊதா விளக்கைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். எண்ணெய் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். தண்ணீர் மங்கலாகவே இருக்கும். ஏன்? குர்குமின் எண்ணெயில் கரையும். தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. மறக்காதீர்கள்: அந்த விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது, யார் கண்ணிலும் அடிக்கவும் கூடாது.

பார்த்ததை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். தெரிந்தால் தெரிந்தது, தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். ஏன் தெரியவில்லை என்று யோசித்து மறுநாள் மாற்றிச் செய்யுங்கள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் செய்வதும் இதைத்தான்.

இன்னொரு வேலையும் உண்டு. அப்பாவோ மாமாவோ பட்டறையிலிருந்து வந்ததும், "உங்க இடத்துல விரிசலை எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?" என்று கேளுங்கள். தட்டிப் பார்ப்போம், எண்ணெய் தடவுவோம், கையால் தடவிப் பார்ப்போம் என்று பல வித்தை சொல்வார்கள். அதையும் அந்த நோட்டிலேயே எழுதிவையுங்கள். எவ்வளவு நல்ல பெயின்ட் வந்தாலும், நின்று பார்ப்பதற்கு ஒரு ஆளும், சந்தேகம் வந்தால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதற்கு ஒரு தைரியமும் வேண்டும். அவை இரண்டும் கடையில் கிடைக்காது கண்ணுகளா. நீங்கள்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.